பி.டி. பீரியடில் எத்தனை நிமிடம் உடம்பு அசைகிறது?

இதய ஆரோக்கியத்துக்கு ஏதாவது செய்யலாம் என்று பேச்சு எடுத்தாலே நிர்வாகங்களுக்கு முதலில் தோன்றுவது பேனர், டி-ஷர்ட், ஞாயிற்றுக்கிழமை காலை நடை, ஒரு மருத்துவரின் சொற்பொழிவு. செப்டம்பர் 29, உலக இதய தினத்தன்று இதெல்லாம் அமர்க்களமாக நடக்கும். மறுநாள் லிஃப்ட் வாசலில் பழைய வரிசை, பி.டி. பீரியடில் பழையபடி கணக்குப் பாடம்.

விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உடம்புக்கு வேண்டியது வாரா வாரம் சேரும் நிமிடங்கள். அவை டைம்டேபிளிலும் கட்டடத்திலும் இருந்தால்தான் தானாகச் சேரும். தனி மனிதரின் மன உறுதியை நம்பிப் போடும் திட்டம் மூன்றாவது வாரத்தில் படுத்துவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும். அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. கூடவே இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம். அதில் வாரம் மூன்று நாளாவது மூச்சிரைக்க ஓடுவது, குதிப்பது, ஏறுவது போன்றவை இருக்க வேண்டும். பழைய வழிகாட்டுதலில், ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் பெரியவர்களுக்குக் கணக்கு என்று ஒரு நிபந்தனை இருந்தது. 2020-ல் அதை எடுத்துவிட்டார்கள். ஆபீஸ்களுக்கு இது பெரிய சௌகரியம். ஒரு நிமிடம் மாடிப்படி ஏறினாலும் சேர்ந்துகொள்ளும்.

எது மிதமானது, எது கடுமையானது என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமானது. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் கடுமையானது. பாடிக்கொண்டே போகலாம் என்றால் அது உலாத்தல். நல்லதுதான், ஆனால் 150-ல் சேராது. இதயத்தின் உச்சத் துடிப்பைக் கணிக்க 220-லிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரத்தைப் பலரும் சொல்வார்கள். ஒரே வயதுக்காரர்கள் இருவருக்கிடையே அது பத்துத் துடிப்புக்கு மேல் பிசகலாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்தச் சூத்திரமே பொருந்தாது. துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரத்தைவிடப் பேச்சுச் சோதனை பத்திரமானது.

பள்ளியில்

ஒரு வழக்கமான பி.டி. பீரியடை அப்படியே பிரித்துப் பார்ப்போம். 40 நிமிடம், 40 பிள்ளைகள், ஒரு பந்து. வரிசை கட்டிக் கிரவுண்டுக்கு வர 6 நிமிடம். வருகைப் பதிவு 3. அணி பிரிக்க 4. விதிமுறை சொல்ல 3. ஆட்டம் 18. முகம் கழுவித் திரும்ப 6. அந்த 18 நிமிடத்திலும் 22 பேர் ஆடுவார்கள், மீதி 18 பேர் ஓரத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டு இருப்பார்கள். ஆடும் 22 பேரிலும் பந்தைத் துரத்துவது ஏழெட்டுப் பேர். அவர்கள் எப்படியும் சாயங்காலம் போய் ஆடப்போகிறவர்கள். கோல் பக்கமாக ஒதுங்கி நிற்கும் பிள்ளை நிஜமாக ஓடியது இரண்டு நிமிடம் இருந்தால் அதிகம்.

பீரியடில் பாதி நேரமாவது ஒவ்வொரு பிள்ளையும் மிதமாகவோ கடுமையாகவோ அசைந்துகொண்டிருக்க வேண்டும் என்பது உடற்கல்வித் துறையில் பரவலாக ஏற்ற இலக்கு. நம் பள்ளியில் எவ்வளவு என்று பார்ப்பது சுலபம். ஒருவர் கிரவுண்ட் ஓரத்தில் தாளும் பேனாவுமாக நிற்கட்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டி, அந்த நொடியில் ஓடுபவர், வேகமாக நடப்பவர் எத்தனை பேர், நிற்பவர், உட்கார்ந்திருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிக் குறிக்க வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கட்டம். ஒரு பீரியடுக்கு 20 எண்ணிக்கை வரும். சராசரி எடுத்து ஸ்டாஃப் ரூமில் ஒட்டினால் போதும், எந்தச் சொற்பொழிவும் தேவைப்படாது.

சரிசெய்யப் புது மைதானம் எதுவும் வேண்டியதில்லை. அணிகளை மாதத்துக்கு ஒரு முறை பிரித்து எழுதி வைத்துவிட்டால் அந்த 4 நிமிடம் மிச்சம். பிள்ளைகள் கிரவுண்டைச் சுற்றி நடந்துகொண்டிருக்கும்போதே வருகைப் பதிவை முடிக்கலாம். விதிமுறையை அரை நிமிடத்தில் செய்து காட்டிவிட்டு ஆட விட்டு, நடுவில் நிறுத்தித் திருத்தலாம். முக்கியமாக, ஒரு பெரிய ஆட்டத்தை ஐந்து சின்ன ஆட்டமாக உடைக்க வேண்டும். 20 மீட்டருக்கு 15 மீட்டர் என்று சுண்ணாம்புப் பொடியில் ஐந்து கட்டம், ஒவ்வொன்றிலும் நாலுக்கு நாலு பேர், ஐந்து பந்து. 40 பேரும் உள்ளே இருப்பார்கள். நாலு பேர் அணியில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. எல்லோருக்கும் பந்து வரும், எல்லோரும் ஓடியாக வேண்டும்.

'அவுட் ஆனால் வெளியே' வகை ஆட்டங்களைக் கூடுமானவரை விட்டுவிடுங்கள். முதலில் அவுட் ஆவது யார்? மெதுவாக ஓடும் பிள்ளைதான். அதற்குத்தான் அந்த ஓட்டம் ரொம்பவும் தேவை. அதைப் பிடித்து உட்கார வைக்கிறோம். பிடிபட்டவரும் பிடிப்பவரோடு சேர்ந்து மற்றவரைத் துரத்தலாம் என்று விதியை மாற்றினால் கடைசி ஆள் பிடிபடும்வரை எல்லோரும் ஓடுவார்கள்.

இடம் குறைவான பள்ளிக்கு ஸ்கிப்பிங் கயிறுதான் சிக்கனமான வழி. கயிற்றின் நடுவில் இரண்டு காலையும் வைத்து நின்றால் கைப்பிடி அக்குள் உயரத்துக்கு வர வேண்டும். நீளமான கயிறு தரையில் இடறிக்கொண்டே இருக்கும். பிள்ளை தனக்கு வரவில்லை என்று விட்டுவிடும். தவறு கயிற்றில்தான். தொடக்கத்தில் 20 நொடி தாண்டி 40 நொடி ஓய்வு, இப்படிப் பத்துச் சுற்று. இரண்டு வாரம் கழித்து 30-க்கு 30. வெறும் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு தாண்டினால் கெண்டைக்காலும் குதிகாலும் வலிக்கும். மண் தரை நல்லது, இல்லையென்றால் ஷூ வேண்டும்.

ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகரத் தொடக்கப் பள்ளி ஒன்றில் 2012-ல் தலைமை ஆசிரியை எலைன் வைலி ஒரு பழக்கத்தைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் 'டெய்லி மைல்' என்று பெயர். தினமும் 15 நிமிடம், வகுப்பாசிரியரே பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் ஓடவோ, மெதுவோட்டமாகவோ, நடக்கவோ விடுவது. உடை மாற்றுவது கிடையாது, போட்டி கிடையாது, சாமான் எதுவும் வேண்டாம். அதனால்தான் பல நாடுகளுக்குப் பரவியது. வாரத்துக்கு 75 நிமிடம் இதிலேயே வந்துவிடும். இது பி.டி. பீரியடுக்கு மாற்று இல்லை. அதோடு கூட இருக்க வேண்டியது. சுற்றுப்பாதை வட்டமாக இருந்தால் வேகமானவரும் மெதுவானவரும் கலந்துவிடுவார்கள், யார் கடைசி என்று யாருக்கும் தெரியாது. நேராகப் போய்த் திரும்பும் பாதை வைத்தால் கடைசியில் வரும் பிள்ளையை எல்லோரும் நின்று பார்ப்பார்கள்.

இது கெட்டுப்போகும் விதமும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். முதலில் யாராவது நேரம் பிடிக்கத் தொடங்குவார்கள். பிறகு வீட்டுப்பாடம் முடிக்காதவர்களை அந்த 15 நிமிடம் வகுப்பிலேயே உட்கார வைப்பார்கள். இன்னொரு பக்கம், சேட்டை செய்தவனைக் கிரவுண்டைப் பத்துச் சுற்று ஓடச் சொல்வார்கள். ஓட்டத்தைப் பறிப்பதும் தண்டனை, ஓட வைப்பதும் தண்டனை என்றால் பிள்ளை அதைப் பற்றி என்னதான் நினைக்கும்? தேர்வுக் காலத்தில் பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வதும் அப்படித்தான். விளையாட்டுக்கு நேரம் கூட்டிய பள்ளிகளில் மதிப்பெண் குறைந்ததாக ஆய்வுகளில் பெரும்பாலும் காணவில்லை. பீரியடைக் கைமாற்றுவதற்குத் தலைமை ஆசிரியரின் கையெழுத்து வேண்டும் என்று ஒரு விதி போட்டாலே பாதி நின்றுவிடும்.

பெண் பிள்ளைகள் விஷயம் தனியாகப் பேச வேண்டியது. 11 முதல் 17 வயதில் உலக அளவில் நூற்றுக்கு 81 பேர் அந்த 60 நிமிடத்தை எட்டுவதில்லை என்பது 2016 நிலவரம்; ஆண் பிள்ளைகளில் 78, பெண் பிள்ளைகளில் 85. ஆர்வம் இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. கிரவுண்டுக்குப் பக்கத்தில் தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வரும் கழிப்பறை இருக்கிறதா? சீருடையில் குனிந்து நிமிர முடியுமா? அடர் நிறத்தில் டிராக் பேண்ட் போட அனுமதி உண்டா? வேடிக்கை பார்க்க ஆள் கூடும் பக்கத்திலா அவர்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது? இவற்றைச் சரிசெய்த பிறகு ஆர்வத்தைப் பற்றிப் பேசலாம். அதே காரணத்துக்காக, பிள்ளைகளின் எடையை வகுப்பில் உரக்கப் படிப்பது, ஓட்டத் தேர்வு முடிவைப் பெயரோடு பலகையில் ஒட்டுவது இரண்டையும் அடியோடு நிறுத்த வேண்டும்.

எந்தப் பிள்ளையை ஓட விடக்கூடாது என்பதும் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரேயரில் வெகுநேரம் நின்று மயங்குவது வேறு, ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுவது வேறு. இரண்டாவது நடந்தால் அன்றோடு பயிற்சி நிறுத்தம், இ.சி.ஜி. எடுத்து இதய மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை கிரவுண்டு கிடையாது. ஓடும்போது நெஞ்சு வலி, காரணம் புரியாத மூச்சுத் திணறல், குடும்பத்தில் 50 வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்தது இவையும் அந்தக் கணக்கில்தான். காய்ச்சல் இருக்கும் பிள்ளையையும் ஓட விடாதீர்கள். சில வைரஸ்கள் இதயத் தசையையே தாக்கும்; அந்த நேரத்தில் கடுமையான உழைப்பு ஆபத்து.

வேலையிடத்தில்

பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெரமி மாரிஸ் 1953-ல் லண்டனின் மாடி பஸ் ஊழியர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வை இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைவிட, மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அதோடு கதையை நிறுத்திவிடுவார்கள். 1956-ல் மாரிஸே இன்னொன்றையும் பார்த்தார். நிறுவனம் தைத்துக் கொடுத்த சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தால், டிரைவர்களின் இடுப்புச் சுற்றளவு இளம் வயதிலேயே அதிகம். அதாவது எந்த மாதிரி உடம்புக்காரர் எந்த வேலையில் சேர்கிறார் என்பதும் வித்தியாசத்தில் ஒரு பங்கு.

ஆபீஸ் நலத் திட்டங்களை மதிப்பிடும்போது மறந்துபோவது இதைத்தான். ஜிம் சந்தாவுக்குச் சலுகை, நடைப் போட்டி என்று அறிவித்தால் முதலில் பெயர் கொடுப்பது ஏற்கெனவே நடக்கிறவர்கள். வருடக் கடைசியில் 'பங்கேற்றவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள்' என்று எச்.ஆர். அறிக்கை போடுவார். அமெரிக்காவில் ஒரு வணிக நிறுவனத்தின் 160 கிளைகளில் 20-ஐக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து நலத் திட்டம் நடத்திப் பார்த்தார்கள். மொத்தம் சுமார் 33,000 ஊழியர்கள். 2019-ல் வந்த முடிவு: 18 மாதம் கழித்து, உடற்பயிற்சி செய்கிறேன் என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள், பிரஷரிலும் கொழுப்பிலும் எடையிலும் விடுப்பிலும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. அறிவுரையும் பரிசும் கொடுத்துவிட்டு வேலை நாளின் அமைப்பைத் தொடாமல் விட்டால் இவ்வளவுதான் கிடைக்கும் என்பது என் கருத்து.

தொட வேண்டியதில் முதலாவது மாடிப்படி. பல கட்டடங்களில் அது இருட்டாக, அட்டைப்பெட்டி அடுக்கி, கனமான கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். விளக்கு, பெயிண்ட், உள்பக்கமிருந்து ஒவ்வொரு தளத்திலும் கதவு திறக்க அட்டை ரீடர் இந்த மூன்றும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மூன்று மாடி ஏறிப்போய்க் கதவு திறக்காமல் மறுபடி கீழே வந்தவர் இனி அந்தப் பக்கமே போக மாட்டார். அறிவிப்புப் பலகையைக் கேண்டீனில் வைப்பதில் பயனில்லை. லிஃப்ட் பட்டனுக்குப் பக்கத்தில், கை நீளும் இடத்தில் இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: தீத்தடுப்புக் கதவைக் கல் வைத்துத் திறந்து வைக்காதீர்கள். தீப்பிடித்தால் படிக்கட்டே புகைபோக்கியாகிவிடும். கண்ணாடி வைத்த தீத்தடுப்புக் கதவோ, அலாரம் அடித்ததும் தானே மூடிக்கொள்ளும் காந்தப் பிடிப்போ போடலாம். முட்டி வலிக்காரர்கள் ஏறுவதற்குப் படி, இறங்குவதற்கு லிஃப்ட் என்று வைத்துக்கொள்ளலாம். இறங்கும்போதுதான் முட்டி அதிகம் வாங்கிக்கொள்ளும். இதயத்துக்கு வேலை ஏறும்போதுதான்.

இரண்டாவது காலண்டர். ஒரு மணி நேர மீட்டிங்கை 50 நிமிடமாகவும், அரை மணி நேரத்தை 25 ஆகவும் மென்பொருளிலேயே அமைத்துவிட வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைகிறது என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். மேலாளர் எழுந்து போனால்தான் மற்றவர்களும் எழுவார்கள். அவர் ஐந்து மணி நேரம் நாற்காலியை விட்டு அசையாமல் இருந்துகொண்டு சுற்றறிக்கை அனுப்பிப் பயனில்லை. நடந்துகொண்டே மீட்டிங் என்பது இரண்டு மூன்று பேருக்குச் சரிவரும். ஐந்து பேர் போனால் கடைசி இருவருக்கு எதுவும் கேட்காது. நின்று வேலை செய்யும் மேசைக்குப் பணம் போடும் முன் யோசியுங்கள்: உட்கார்வதைவிட நிற்பதில் கூடுதலாகச் செலவாவது மணிக்குச் சுமார் 9 கலோரிதான். நாள் முழுக்க நின்றால் இடுப்பும் கால் நரம்பும் புகார் சொல்லும்.

நடைப் போட்டி நடத்தியே ஆக வேண்டும் என்றால், 10,000 காலடி என்ற இலக்கை விடுங்கள். அது 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. அடிகளையும் இறப்பையும் ஒப்பிட்ட பின்னாளைய ஆய்வுகளில் 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு 6,000 முதல் 8,000-லும், அதற்குக் கீழே 8,000 முதல் 10,000-லும் பலன் ஏறுவது தணிந்துவிடுகிறது. முதல் வாரம் அவரவர் வழக்கமாக நடப்பதை அளந்துகொண்டு, அதற்கு மேல் 1,500 அடி என்பது எல்லோருக்கும் நியாயமான இலக்கு. அடிக்குப் பதில் நிமிடத்தை எண்ணினால் சக்கர நாற்காலியில் இருப்பவரும் சேரலாம்.

கிடங்கிலும் பட்டறையிலும் நாளெல்லாம் மூட்டை தூக்குகிறவருக்கு 'அவங்களுக்கு எதுக்குப் பயிற்சி?' என்று கேட்பார்கள். எட்டு மணி நேரம் ஓய்வில்லாமல் தூக்குவதும் நிற்பதும் பிரஷரை நாள் முழுக்க உயர்த்தியே வைத்திருக்கும். ஆனால் இதயம் பலப்படும் அளவுக்கு வேகமும் இருக்காது, மீண்டு வர இடைவெளியும் இருக்காது. அவர்களுக்குத் தள்ளுவண்டி, முறையான இடைவேளை, வேலை நேரத்துக்குள்ளேயே சம்பளத்தோடு இருபது நிமிடப் பயிற்சி வேண்டும். ஷிப்ட் முடிந்து ஜிம்முக்குப் போகச் சொல்வது அநியாயம்.

கேண்டீனைப் பற்றி ஒரு வரி: ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, மேசையிலிருந்து உப்புக் கிண்ணத்தை எடுப்பதில் தொடங்கலாம்.

பிரஷர் முகாம்

இதில் நடக்கும் கூத்துக்கு அளவே இல்லை. படியேறி வந்தவர் வரிசையில் நிற்பார், நாற்காலியில் உட்கார்ந்த நொடியே சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றுவார்கள், கை தொங்கிக்கொண்டிருக்கும், பேசிக்கொண்டே இருப்பார். வருவது 150. மனுஷன் ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டார். முறை இதுதான்: அரை மணி முன்பிருந்து காப்பி, புகை, ஓட்டம் இல்லை, சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும், முதுகைச் சாய்த்து, காலைக் குறுக்கே போடாமல் தரையில் ஊன்றி 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும், கை மேசைமேல், பட்டை நெஞ்சு உயரத்தில், வெறும் தோலில். பேசக்கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்துச் சராசரி. மேற்கையின் சுற்றளவு 27 முதல் 34 செ.மீ. என்றால் சாதாரணப் பட்டை. 35-க்கு மேல் பெரிய பட்டை. தடித்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். முகாமுக்கு ஒரே பட்டையோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பினாலும் தப்பில்லை.

140/90-க்கு மேல் வந்தால் வேறொரு நாளில் மறுபடி பார்க்க வேண்டும், ஒரே அளவை வைத்து நோயாளி ஆக்கக்கூடாது. 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போவது ஏதாவது இருந்தால் அப்போதே மருத்துவமனை. அளந்த தாள் ஊழியரின் கையில்தான் போக வேண்டும். அது எச்.ஆர். மேசைக்குப் போகும் என்று தெரிந்தால் அடுத்த முகாமுக்கு வர வேண்டியவர் வர மாட்டார்.

விழுந்தால்

இத்தனை பேரை ஓடச் சொல்லும் இடத்தில் இதயத்துக்கு மின் அதிர்வு கொடுக்கும் ஒரு ஏ.இ.டி. பெட்டியும், நெஞ்சை அழுத்திச் செய்யும் சி.பி.ஆர். முதலுதவி தெரிந்த ஆட்களும் இருந்தாக வேண்டும். இதயம் நின்றபின் நெஞ்சழுத்தமும் மின் அதிர்வும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். குழந்தைகளுக்கு மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம். எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. விழுந்தவர் விட்டு விட்டு மீன் போல வாயைத் திறந்து மூச்சு இழுப்பார், சில நொடி கை கால் வெட்டும். 'மூச்சு இருக்கு, வலிப்புதான்' என்று சுற்றி நின்றுவிடுவார்கள். கூப்பிட்டு அசைவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் அழுத்தத் தொடங்க வேண்டியதுதான். பந்து நெஞ்சில் பட்டு ஒரு பிள்ளை சுருண்டு விழுந்தாலும் இதே முறை.

பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்ப மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. அறையைப் பூட்டிக்கொண்டு போகும் மேலாளரின் அலமாரியில் அது இருந்தால் இல்லாததற்குச் சமம். கூடவே ஒரு கத்தரிக்கோல், துண்டு, சவர பிளேடு வேண்டும். ஈரமான நெஞ்சிலும் அடர்ந்த முடியிலும், மின் அதிர்வைச் செலுத்தும் ஒட்டுத்தாள் பிடிக்காது. மாதத்துக்கு ஒரு தடவை விளக்கு பச்சையாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட ஒருவர் பெயரை எழுதி வையுங்கள். ஒட்டுத்தாளுக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு. வாங்கும்போதே அடுத்த செட்டுக்கான தொகையை பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள பள்ளி, குழந்தைகளுக்கான ஒட்டுத்தாளையும் வைத்திருக்க வேண்டும். அது கையில் இல்லாத நேரத்தில் பெரியவர்களுடையதை ஒன்று நெஞ்சிலும் ஒன்று முதுகிலுமாக ஒட்டலாம்.

ஒத்திகையை வருடத்துக்கு இரண்டு தடவை, ஸ்டாப்வாட்சோடு நடத்துங்கள். ஒன்று வேலை நாளில், இன்னொன்று இரவு ஷிப்டிலோ விடுமுறைப் பயிற்சி நேரத்திலோ. இரண்டாவதில்தான் கேட் சாவி யாரிடம், ஆம்புலன்ஸுக்கு எந்த வாசலைச் சொல்வது என்பதெல்லாம் வெளியே வரும்.